நாடியா, மூச்சா?
ஐதராபாத் குளோரபாரம் கமிஷன் கற்பிக்கும் பாடம்

துப்பறியும் நாவல்களைப் படிப்பவர்களுக்கும் சினிமாப் பார்ப்பவர்களுக்கும் குளோரபாரம் என்ற பெயர் நன்கு பழக்கமானது. திருடன் கைக்குட்டையில் சில துளிகளைத் தெளித்து ஒருவர் மூக்கில் வைக்கிறான். வைத்த மாத்திரத்தில் அவர் மூர்ச்சித்து விழுகிறார். கொஞ்ச நேரம் சென்றதும், தூங்கி விழித்தவர் போல் எழுந்து உட்காருகிறார். இது முழுப் பொய். முகர்ந்த மாத்திரத்தில் எவரும் நினைவிழப்பதில்லை. சில நிமிஷங்களேனும் இடைவிடாது சுவாசித்தால்தான் மயக்கம் உண்டாகும். மயங்கியவர் எல்லோரும் சுகமாக எழுந்து உட்கார்ந்ததும் இல்லை. ஏறத்தாழ நூறு வருஷ காலம் ரண சிகிச்சைக்குப் பெருந்துணையாக நின்ற இந்த மருந்து, அதே காலத்தில் திடகாத்திரமான பலரைச் சிகிச்சை மேஜையின் மீதே கொன்றிருக்கிறது.

எவ்வாறு கொன்றது என்ற கேள்விக்கு விடை காண்பதற்காக நமது தேசத்தில், ஐதராபாத் நகரில், நிஜாம் ஸர்க்காரின் பொக்கிஷத்திலிருந்து பணம் செலவிட்டு, ஒரு பெரிய விசாரணை நடைபெற்றது. அவ்விசாரணையின் தீர்ப்பு பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதை வைத்தியர்கள் மாத்திரமன்றி, பொது வாழ்வில் ஈடுபட்டவர்களும் அறிந்திருப்பது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

1846-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில், ஈதர் என்ற திரவத்தின் ஆவியைச் சுவாசிக்கச் செய்து, நோயாளி வலியறியாத நிலையில் ரண சிகிச்சை செய்து காட்டினார்கள். அதுவரை கத்தி வைப்பதென்றால் நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்வதே முறையாக இருந்தது. அடுத்த ஆண்டு, 1847 நவம்பரில், எடின்பரோ நகரத்துப் பிரசவ வைத்தியர் ஜேம்ஸ் ஸிம்ப்ஸன் என்பவர் குளோரபாரத்தைக் கையாளத் தொடங்கினார். இது ஈதரைவிட இனிய வாசனையுடையது, சிறிதளவே போதுமானது, விரைவில் வேலை செய்வது. 1853-ல் விக்டோரியா ராணி தமது பிரசவத்தின்போது இதைச் சுவாசிக்கச் சம்மதித்ததும், இதன் புகழ் எங்கும் பரவிற்று.

உஷ்ண தேசங்களில் இதற்கு மற்றொரு செல்வாக்கும் இருந்தது. ஈதர் ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்தில் கொதித்து ஆவியாகிவிடும். நமது கோடைக்காலப் பகற்பொழுதில் காற்றின் வெப்பமே அதைத் தாண்டிவிடுகிறது. மேலும் அந்த ஆவி தீப்பற்றக் கூடியது. விளக்கொளியில் சிகிச்சை செய்ய வேண்டியிருந்த அக்காலத்தில் அது பெரிய அபாயம். குளோரபாரமோ சுமார் 61 டிகிரியில்தான் கொதிக்கும், எளிதில் தீப்பற்றாது. ஆகவே, இந்தியாவில் ராணுவ வைத்தியர்களும் ஜில்லா ஆஸ்பத்திரி வைத்தியர்களும் இதையே பெரிதும் விரும்பினர்.

ஆனால், இம்மருந்து வழக்கத்திற்கு வந்து மூன்று மாதம் முடிவதற்குள்ளாகவே முதல் பலி நேர்ந்துவிட்டது. 1848 ஜனவரி 28-ந் தேதி, இங்கிலாந்தில் நியூகாஸில் நகருக்கு அருகே, ஹானா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகமொன்றை எடுப்பதற்காகக் குளோரபாரம் கொடுத்தார்கள். அவள் மிகவும் பயந்திருந்தாள். இதற்கு முன் ஈதர் கொடுத்து அவளுக்கு இதே விதமான சிகிச்சை நடந்திருக்கிறது. அப்போது கெடுதல் ஏதும் நேரவில்லை. இம்முறையோ கத்தி வைத்த சிறிது நேரத்திற்குள் முகம் வெளுத்து, சில நிமிஷங்களுக்குள் உயிர் பிரிந்துவிட்டது. கேவலம் ஒரு நகத்திற்காக ஓர் உயிர் போயிற்று. அவளைத் தெளிவிக்க வாயில் பிராந்தியும் தண்ணீரும் ஊற்றினார்கள் என்றும், அதனால் மூச்சுத் திணறியே இறந்தாள் என்றும் ஸிம்ப்ஸன் வாதித்தார். மற்றவர்களோ குளோரபாரமே இருதயத்தை நிறுத்திற்று என்றனர். நாடியா, மூச்சா என்ற வழக்கு அன்று பிறந்ததாகும்.

வைத்திய உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சிக்கு லண்டன் வைத்தியர் ஜான் ஸ்நோவைத் தலைவர் எனலாம். கிணற்று நீரின் மூலம் காலரா பரவுவதை 1854-ல் எடுத்துக் காட்டியவர் இவரே. குளோரபாரம் ஆவி காற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்பதை அளந்தே கொடுக்க வேண்டும் என்றும், அளவு மீறிய ஆவி திடீரென்று இருதயத்தை ஸ்தம்பிக்கச் செய்துவிடும் என்றும் இவர் கூறினார். 1858-ல், இவர் காலமான பிறகு வெளிவந்த இவருடைய நூலில், குளோரபாரத்தால் நேர்ந்த ஐம்பது மரணங்கள் ஒவ்வொன்றாக விவரிக்கப்பட்டிருக்கின்றன. எதிர்க் கட்சிக்கு எடின்பரோவின் ரண வைத்தியர் ஜேம்ஸ் ஸைம் தலைவர். "மூச்சைக் கவனியுங்கள், அது சீராக நடந்தால் அபாயமில்லை, நாடியில் விரல் வைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை" என்பது அவரது போதனையின் சாரம். ஸ்நோ அளவுகோலையும் மரணக் கணக்கையும் நம்பினார். ஸைம் தமது அனுபவத்தை நம்பினார்.

ஸைமின் மாணாக்கரான எட்வர்ட் லாரி என்ற ஆங்கில வைத்தியர் ஐதராபாத்தில் ரெஸிடென்ஸி சர்ஜனாகவும் அங்கிருந்த வைத்தியப் பள்ளியின் தலைவராகவும் வந்து அமர்ந்தார். அவர் தமது ஆசானின் உபதேசத்தை வேதவாக்காகக் கொண்டவர். குளோரபாரம் ஒருபோதும் இருதயத்தை நேரே தாக்குவதில்லை என்பதை நிரூபிப்பதற்காக 1888-ல் ஒரு கமிஷனை அமைத்தார். நாய்களை வைத்துப் பரிசோதனை நடந்தது. எதிர்பார்த்த முடிவே கிடைத்தது. லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்ஸெட்' என்ற வைத்தியப் பத்திரிகை அம்முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. உடனே நிஜாம் மஹபூப் அலி கானின் ஸர்க்கார், அப்பத்திரிகையே தனது பிரதிநிதி ஒருவரை அனுப்பி நேரில் பார்க்கட்டும் என்று சொல்லி, அதற்காக ஆயிரம் பவுன் அளித்தது.

அவ்வாறு 1889-ல் வந்தவர் லாடர் பிரண்டன் என்ற கீர்த்தி பெற்ற மருந்தியல் நிபுணர். அவர் வரும்போது, குளோரபாரம் இருதயத்தையும் நிறுத்தக் கூடும் என்ற அபிப்பிராயத்துடனேயே வந்தார். இரண்டாவது கமிஷன் வேலை தொடங்கிற்று. நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் ஆகிய 490 பிராணிகள் உபயோகப்படுத்தப்பட்டன. ரத்த அழுத்தத்தைப் புகைக்கரி பூசிய தாளில் கோடாகப் பதிவு செய்தார்கள். வைத்தியப் பள்ளியின் இந்திய மாணவர்களும் இவ்வேலையில் பங்கு கொண்டனர். அவர்களுள் ஒருவரான ரூபாபாய் பர்துன்ஜி என்ற பார்ஸிப் பெண்மணி, பிற்காலத்தில் ஐதராபாத் ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து கொடுப்பதையே தமது தொழிலாகக் கொண்டார்; உலகத்திலேயே இத்துறையில் முதன்முதல் இறங்கிய பெண்களுள் ஒருவராக இன்று மதிக்கப்படுகிறார்.

பிராணிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. ஒவ்வொன்றிலும் முதலில் மூச்சு நின்றது, பிறகே இருதயம் நின்றது. பிரண்டன் தமது அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு, அபாயமெல்லாம் மூச்சுத் திணறலாலும் மருந்து மிஞ்சுவதாலும்தான், இருதயத்துக்கு நேரான அபாயம் சிறிதும் இல்லை என்று லண்டனுக்குத் தந்தி கொடுத்தார். லாரி வெற்றி பெற்றார். மூச்சை மாத்திரம் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்ற கொள்கைக்குக் கமிஷனின் முத்திரையும் கிடைத்துவிட்டது.

இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்பதை அறிய, குளோரபாரம் உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்குவோம்.

மூச்சுடன் உட்சென்ற ஆவி, நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் ரத்தத்துடன் கலக்கிறது. ரத்தம் அதை உடலெங்கும் கொண்டு செல்கிறது. ரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பாகிய மூளைக்கு அது வெகு சீக்கிரம் போய்ச் சேர்கிறது. கொழுப்பில் எளிதில் கரையும் பொருள் எதுவோ அதற்கு மயக்கும் சக்தி அதிகம் என்பதை மேயர் 1899-லும் ஓவர்ட்டன் 1901-லும் கண்டார்கள். அதிலிருந்து, நரம்பணுக்களின் கொழுப்புப் போர்வை கலங்குவதே மயக்கத்திற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்னர், அப்போர்வையில் பதிந்துள்ள புரதங்களே முக்கியம் என்பது தெரியவந்தது. இப்புரதங்கள் நரம்பணுவின் வாயில்கள் போன்றவை. நரம்பை அடக்கும் 'காபா' என்ற ரசாயனப் பொருளுக்குப் பணிந்து திறக்கும் வாயில்களின் வேலையைக் குளோரபாரம் மிகைப்படுத்துகிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் சில வாயில்களையும் அது திறந்துவிடுகிறது. இரண்டாலும் நரம்பணு கிளர்ச்சி குன்றி அடங்கிப்போகிறது. இவ்விதம் கோடிக்கணக்கான அணுக்கள் அடங்கும்போது, மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வது தடைப்பட்டு, நினைவு மறைகிறது.

இந்த அடக்கம் ஒரே சமயத்தில் வருவதில்லை. முதலில் விவேகமும் கட்டுப்பாடும் போவதால் நோயாளி பிதற்றுவான், திமிறுவான். அடுத்தபடி நினைவும் வலியும் மறையும். அதன்பின் தசைகள் தளரும். ஆவி இன்னும் மிஞ்சினால், மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளம் அடங்கத் தொடங்கும். மூச்சை நடத்துவது அந்த முகுளமே. அது ஓய்ந்தால் மூச்சு ஓயும். மூச்சு ஓய்ந்தால் சில நிமிஷங்களில் இருதயமும் ஓயும். ஐதராபாத்தில் நாய்கள் இறந்தது இவ்வழியில்தான். அந்த மட்டில் கமிஷன் கண்டது உண்மை. மூச்சுக்குழாய் அடைபடாதிருக்க வேண்டும், மூச்சின் போக்கிலிருந்து கண்ணெடுக்கலாகாது என்று அது வற்புறுத்தியதும் பல உயிர்களைக் காத்திருக்கும்.

ஆனால், ஹானா கிரீனர் இறந்தது இவ்வழியில் அல்ல. அவள் ஆழ்ந்த மயக்கத்தை அடையவே இல்லை. குளோரபாரத்தால் மாண்டவர்களின் ஜாபிதாவைப் பார்த்தால், பெரிய சிகிச்சைக்காக நீண்ட நேரம் மயங்கிக் கிடந்தவர்களைவிட, பல் பிடுங்கவும் நகம் எடுக்கவும் வந்து, பயந்து நடுங்கி, அரைமயக்கத்தில் திடீரென்று இறந்தவர்களே கண்ணை உறுத்துகிறார்கள். கமிஷனின் பரிசோதனைகளோ பெரும்பாலும் மருந்தை மிஞ்சக் கொடுத்து மரணத்தை உண்டாக்கியவை. அரைமயக்கத்து மரணத்திற்கு அங்கே விடை இல்லை.

கமிஷனின் முடிவை மறுத்து, குளோரபாரம் இருதயத்தின் தசையையே நேராகப் பலவீனப்படுத்துகிறது என்று இங்கிலாந்தில் காஸ்கெல், ஷோர் என்ற இருவரும் 1893-ல் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் எம்ப்ளி என்பவர் 1902-ல் அவ்வாறே எழுதினார். புதிரை அவிழ்த்தவர் லண்டன் வைத்தியர் கூட்மன் லெவி. 1911-ல் அவர் பூனைகளுக்கு இலேசாகக் குளோரபாரம் கொடுத்து, அந்நிலையில் அட்ரினலின் என்ற சுரப்பை ஊசிமூலம் ஏற்றினார். இருதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டு, புழுக்கூட்டம் நெளிவதுபோல் நடுங்கின. ரத்த ஓட்டம் அக்கணமே நின்றது. ஆழ்ந்த மயக்கத்தைவிட இலேசான மயக்கத்திலேயே இந்த அபாயம் அதிகம் என்றும் அவர் கண்டார். அட்ரினலின் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. பயமும் வலியும் ஏற்படும்போது நமது உடலே அதைச் சுரக்கிறது. பயந்து அழுத பதினைந்து வயதுப் பெண்ணின் இருதயம் ஏன் நின்றது என்ற கேள்விக்கு, அறுபத்து மூன்று வருஷங்களுக்குப் பிறகு ஏற்கத்தக்க விடை கிடைத்தது. அவளுடைய மூச்சை எவ்வளவு கவனித்திருந்தாலும், நாடியைத் தொடாத வைத்தியருக்கு அந்த அபாயம் வந்தது உரிய காலத்தில் தெரிந்திராது.

மூன்றாவது ஒரு வழியும் இருந்தது. சிகிச்சை நல்லபடி முடிந்து, நோயாளி விழித்து, பேசி, இரண்டொரு நாள் சென்றபின் வாந்தியும் மஞ்சள் காமாலையும் கண்டு, பிதற்றி இறப்பதுண்டு. குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்ந்ததை 1894-ல் லெனார்ட் கத்ரி என்பவர் எடுத்துக் காட்டினார். இங்கே கெட்டது ஈரல். ரத்தத்திலுள்ள குளோரபாரத்தை அப்புறப்படுத்த முயலும் ஈரல், அதைச் சிதைக்கையில் பாஸ்ஜீன் என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகிறது. முதல் உலக யுத்தத்தில் போர்முனையில் விஷவாயுவாக வீசப்பட்டதும் இதே பாஸ்ஜீன்தான். உணவின்றி வாடியவர்களிடமும் குடிப்பழக்கமுள்ளவர்களிடமும் இந்த நச்சின் வேகம் அதிகம். பஞ்சத்திலும் வறுமையிலும் அடிபட்ட ஜனங்களுக்கு இம்மருந்து எவ்வளவு தகாதது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூளைக்கென்று கொடுத்த மருந்து மூச்சையும், இருதயத்தையும், ஈரலையும் தாக்கிற்று. குளோரபாரம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கொழிந்தது. 1956-ல் ஹாலோதேன் என்ற ஆவி வந்தது. அதுவும் அட்ரினலினுக்கு எதிரில் இருதயத்தைத் தடுமாறச் செய்யக் கூடியதே, அபூர்வமாக ஈரலைக் கெடுப்பதே. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை உடல் சிதைக்கிறது. அதன்பின் வந்த ஐஸோப்ளுரேனில் சிதைவது நூற்றுக்கு ஒரு பங்கும் இல்லை. இன்று நமது ஆஸ்பத்திரிகளில் வழங்கும் ஐஸோப்ளுரேன், ஸெவோப்ளுரேன் போன்ற ஆவிகள் குளோரபாரத்தைவிட எத்தனையோ மடங்கு நல்லவை. நேயர்கள் இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் இவையும் மூச்சைத் தாழ்த்தும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். உடலின் மற்ற உறுப்புகளைத் தொடாமல் மூளையை மாத்திரம் தொடும் ஆவி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

நிற்க. ஐதராபாத் கமிஷன் அயோக்கியர்களின் கூட்டம் அன்று. அவர்கள் உழைத்தார்கள், எதிர்க் கட்சிக்காரரை வரவழைத்து அவர் கண்முன்னே பரிசோதித்தார்கள், கண்டதை மறைக்கவில்லை. அப்படியிருந்தும் தவறினார்கள். காரணம் என்ன? விசாரணைக்குத் தலைமை வகித்தவரிடம் தீர்ப்பு முன்னரே தயாராக இருந்தது. தம் கொள்கைக்குச் சாதகமான பரிசோதனையை 490 தடவை செய்தாலும், அது ஒரு தடவை செய்ததற்கே சமானம். இறந்த மனிதர்களின் ஜாபிதா எதிரே இருக்கையில், அந்த மரணங்களை விட்டுவிட்டு வேறு விதமான மரணங்களை ஆராய்ந்தார்கள். ஸ்நோவிடம் சமஸ்தானத்தின் பொக்கிஷம் இல்லை. அவர் செய்தது, இறந்தவர் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார் என்று கேட்டு எழுதியதுதான். அந்தக் கணக்கு ஒரு கமிஷனின் முத்திரையைவிட உண்மைக்கு அருகில் இருந்தது.

பொது வாழ்வில் ஈடுபட்ட நமது நேயர்கள் கமிஷன்களின் அறிக்கைகளை அடிக்கடி சந்திக்கிறார்கள். பெரிய பெயர்கள், பெரிய எண்ணிக்கை, பெரிய செலவு ஆகியவற்றைக் கண்டு மலைத்து நின்றுவிடலாகாது. கேட்க வேண்டிய கேள்வி எது, கேட்கப்பட்ட கேள்வி எது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு வேண்டும்.

மயக்க மருந்து விஷயத்தில் இன்று நாம் ஸர்க்காரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ரண சிகிச்சை நடக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும், அது எவ்வளவு சிறிய ஊரில் இருந்தாலும், நோயாளியின் தலைமாட்டில் அவருடைய உயிரை மாத்திரமே கவனிக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். நாட்டுப்புற ஆஸ்பத்திரிகளில் இத்துறை டாக்டர்கள் போதுமான அளவில் இல்லை. இக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டு, அவசரப் பிரசவ சிகிச்சைக்காகச் சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குப் பதினெட்டு வாரப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை இந்திய ஸர்க்கார் நடத்தி வந்திருக்கிறது. இது நல்ல ஏற்பாடே. ஆனால் பயிற்சி பெற்றவர் கையில் கருவி இல்லாவிட்டால் பயன் என்ன? ஜப்பானியரான டாகுவோ அவோயாகி என்பவர் 1970-களில் கண்டுபிடித்த முறையில், விரல் நுனியில் மாட்டும் ஒரு சிறு கருவி நாடியின் வேகத்தையும் ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் இடைவிடாமல் காட்டுகிறது. கொரோனாக் காலத்தில் இக்கருவி பல வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. ரண சிகிச்சைக்கு முன் இது மாட்டப்பட்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பதை, உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. நாடியா, மூச்சா என்று பல வருஷம் சண்டையிட்டவர்களுக்கு, இரண்டும் வேண்டும் என்று இக்கருவி பதில் சொல்கிறது.

இரண்டாவது, மயக்க மருந்தின்போது நேரும் ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்து, பெயரை மறைத்துக் காரணத்தை மட்டும் வெளியிட வேண்டும். தமிழ்நாட்டில் பிரசவ மரணங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கும் முறை 1990-கள் முதல் நடந்து வருகிறது. அதனால் விளைந்த நன்மை யாவரும் அறிந்ததே. அதே கண்டிப்பு இங்கும் வேண்டும். இந்த விசாரணையின் நோக்கம் டாக்டர்களைத் தண்டிப்பதாக இருத்தல் கூடாது. தண்டனைக்கு அஞ்சினால் உண்மை வெளிவராது.

இவை பெரிய செலவுக்கான கோரிக்கைகள் அல்ல. தாலுகா ஆஸ்பத்திரியில் நாளைக் காலையில் சிகிச்சைக்காகப் படுக்கப் போகும் ஏழை, தமக்கு எந்த மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்க மாட்டார்; கேட்கத் தெரியாது. அவர் சார்பில் கேட்பது நமது கடமை. நமது நேயர்கள் தத்தம் ஊர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, "கத்தி பிடிப்பவர் ஒருவர் இருக்கிறார், சரி, நோயாளியின் நாடியையும் மூச்சையும் பார்ப்பவர் யார்?" என்று விசாரிக்கட்டும். யாரும் இல்லை என்ற பதில் வருமானால், பதவிக்கு ஒருவர் நியமிக்கப்படும் வரையில் அந்தக் கேள்வியை விடாமல் கேட்கட்டும்.